தொள்ளாயிரம் பேர் இருக்கும் குரூப்பைக் கட்டி மேய்ப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிறு தேயிலை விவசாயிகளுக்காக 2019-இல் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். இப்போது 900 பேருக்கு மேல் இருக்கிறார்கள். இலை விலை, உரம், ரோடு நிலவரம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குத் திறந்தால் ஷேர் மார்க்கெட் டிப்ஸ், கடன் ஆப், காட்டேஜ் விளம்பரம், காலை வணக்கம். வேண்டிய செய்தி அடியில் புதைந்துபோகிறது. அட்மின் நாங்கள் நாலு பேர். எப்படி ஒழுங்குபடுத்துவது? யார் யாரைத் தூக்குவது?"

குன்னூர்ப் பக்கம் இதே மாதிரி ஒரு குரூப்பை நானும் சில வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்யக்கூடாத தப்பு எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தூக்குவதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். உங்கள் குரூப் எப்போதிலிருந்து கெட ஆரம்பித்தது என்று முதலில் யோசித்துப் பாருங்கள். 2022-க்கு அப்புறம்தான் என்று பந்தயமே கட்டுவேன். நீங்கள் ஆரம்பித்த காலத்தில் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. 2022-இல் அது 512 ஆகி, அந்த வருட நவம்பரிலேயே 1024 ஆனது. 256 பேர் இருந்தவரை யார் எந்த ஹட்டி (படுகர் ஊர்), யாருடைய மருமகன், எந்த பேக்டரிக்கு இலை போடுகிறவர் என்று அட்மினுக்குத் தெரியும். தெரியாத நம்பர் ஒன்று தலைகாட்டினால் "யாருங்க இது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். 900 ஆனபின் யாரும் கேட்பதில்லை. 'அட்மினுக்குத் தெரிந்தவராக இருக்கும்' என்று உறுப்பினர் நினைத்துக்கொள்கிறார், 'யாரோ உறுப்பினர் கூட்டிவந்தவராக இருக்கும்' என்று அட்மின் நினைத்துக்கொள்கிறார். கடன் ஆப்காரன் உள்ளே வந்து உட்கார்ந்தது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே ஒழுங்கு, ஸ்பேம் (வேண்டாத விளம்பரம், மோசடிச் செய்தி) என்று இரண்டு தனிப் பிரச்சினை இல்லை. இருப்பது ஒன்றுதான், ஆள் அடையாளம் தெரியாமல் போனது. பேச்சு நடக்கும் இடத்தை ஒருவரையொருவர் தெரிந்த அளவுக்குத் திரும்பச் சுருக்க வேண்டும். எல்லாருக்கும் போக வேண்டிய தகவலுக்குத் தனியாக ஒரு வழி வைக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

எப்படிப் பிரிப்பது என்பதில் நான் சூடுபட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி வசதி வந்தது. ஒரு தாய்க் குடை, அதன் கீழே பல குரூப். எனக்கு ஒரே உற்சாகம். விலைக்கு ஒன்று, உரத்துக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று, வேலை ஆளுக்கு ஒன்று, மானியத்துக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று என்று 11 குரூப் போட்டேன். பார்க்க லைப்ரரி அலமாரி மாதிரி அழகாக இருந்தது. ஒரு மாதத்தில் எட்டு செத்துப்போயின. காரணம் சாதாரணமானது. இலையில் கொப்புளம் கண்ட விவசாயி காட்டில் நின்றுகொண்டு போட்டோ எடுக்கிறார். அது நோய் குரூப்பா, மருந்து வாங்கும் குரூப்பா என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. ஆள் அதிகம் உள்ள குரூப் எதுவோ அதில் போட்டுவிட்டுக் கொழுந்தைப் பார்க்கப் போய்விடுவார். விஷயவாரியாகப் பிரிப்பது பிரிக்கிறவனுக்குத்தான் வசதி.

அதற்கு அடுத்த தப்பு, கோபத்தில் செய்தது. அட்மின் மட்டும்தான் பதிவு போடலாம் என்று குரூப்பைப் பூட்டினேன். ஸ்பேம் அன்றைக்கே நின்றது. பேச்சும் நின்றது. மூன்றாவது வாரம் பக்கத்து ஊரில் வேறொருவர் புதுக் குரூப் தொடங்க, நம் ஆட்கள் பாதிப் பேர் அங்கே போனார்கள். கடன் ஆப்காரனும் கூடவே போனான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இப்போது எங்களிடம் நிற்பது ஊர்வாரியான பிரிவுதான். இரண்டு மூன்று ஹட்டி சேர்த்து, அல்லது ஒரே ஷெட்டில் இலை எடை போடுகிறவர்களைச் சேர்த்து ஒரு குரூப். நூறு பேர், மிஞ்சினால் நூற்றைம்பது. அதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவரே அட்மின். இவற்றுக்கெல்லாம் மேலே கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப். அதில் அட்மின்கள் மட்டும் எழுதலாம். அப்புறம் விற்க வாங்க ஒரு சந்தை குரூப், விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேர்வது. மழைக்காலத்தில் மட்டும் ரோடு குரூப் ஒன்றைத் திறப்போம், ஜனவரியில் மூடிவிடுவோம். அவ்வளவுதான். கோத்தகிரியில் உங்களுக்கு ஊர்க் கணக்கு வேறாக இருக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் இன்னும் வேறு. அங்கே ஒரே ஷெட்டில் மலையாளம், தமிழ், கன்னடம் மூன்றும் பேசுவார்கள். யார் யாரோடு தினமும் பேசுகிறார்கள் என்று பார்த்துப் பிரியுங்கள், வரைபடத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள்.

இந்த அமைப்பில் காலை வணக்கப் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும். பூவும் விளக்கும் போட்டு வணக்கம் அனுப்பும் பெரியவரை 900 பேர் முன்னால் கண்டித்தால் அது அவருக்கு அவமானம், நமக்குப் பாவம். தன் ஊர்க் குரூப்பில் அனுப்பட்டும். அங்கே அவர் வணக்கம் ஒரு நாள் வராவிட்டால் "தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்க ஆள் இருக்கிறது. எங்கள் குரூப் ஒன்றில் அது உண்மையாகவே நடந்தது.

அறிவிப்புக் குரூப்பை உயிரோடு வைத்திருப்பது தனி வேலை. அதில் என்ன வரும், எப்போது வரும் என்று மக்களுக்குப் பழக வேண்டும். எங்களுடையதில் மூன்று சமாச்சாரம்தான். ஒன்று விலை: மாதாமாதம் தேயிலை வாரியம் பசுந்தேயிலைக்கு அறிவிக்கும் விலையை, அந்த அறிவிப்பின் படத்தோடு போடுவோம். குன்னூர் ஏலம் வியாழன், வெள்ளி நடக்கிறது. சனிக்கிழமை அதன் நிலவரம் நாலு வரியில். படம் இல்லாமல் "இந்த மாசம் இவ்வளவாம்" என்று யார் சொன்னாலும் அறிவிப்பில் ஏறாது, அந்த யார் நானாக இருந்தாலும் சரி. இரண்டாவது வானிலையும் ரோடும். மூன்றாவது கூட்டம், பயிற்சி, மானியத்துக்குக் கடைசித் தேதி. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் பதிவு போகக்கூடாது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம், பேரிடர் நாள் தவிர. முக்கியமானதை எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று வாட்ஸ்அப்பே கேட்கும். விலையை 30 நாளுக்குப் பின் செய்துவிட்டால் "விலை என்னாச்சு?" என்ற கேள்வி பாதியாகக் குறைகிறது.

அறிவிப்புக் குரூப்பில் இன்னொரு நல்ல விஷயம், சேர்ந்திருப்பவர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அட்மினுக்கும், ஏற்கெனவே நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். இதைச் சும்மா சொல்லவில்லை. சாதாரணக் குரூப்பில் 900 பேருடைய நம்பரும் 900 பேருக்கும் திறந்து கிடக்கிறது. உள்ளே வந்த மோசடிக்காரன் பதிவே போடாமல் நம்பர்களை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விடலாம். அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "விஐபி டிரேடிங் குரூப்" அழைப்பு வரும். பெண்களுக்கு வருவது வேறு ரகம்: ராத்திரி பத்து மணிக்கு "ஹாய்". எங்கள் குரூப்பில் பெண்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் வெளியேறிக்கொண்டிருந்ததை நாங்கள் ஆண் அட்மின்கள் நாலு பேரும் கவனிக்கவே இல்லை. ஒரு அக்கா நேரில் சொன்னபிறகுதான் தெரிந்தது. மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் இல்லாத தேயிலைக் குரூப் என்ன குரூப்? இப்போது ஒவ்வொரு ஊர்க் குரூப்பிலும் ஒரு பெண் அட்மின் கட்டாயம். ராத்திரி "ஹாய்" அனுப்பியவன் யாராக இருந்தாலும் எச்சரிக்கை கிடையாது, நேரே வெளியே. நீங்கள் சொன்ன நாலு அட்மினில் பெண் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இல்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சரி, வாசலுக்கு வருவோம். ஸ்பேமைப் பிடித்து அழிப்பதைவிட உள்ளே விடாமல் இருப்பது எளிது. வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை குறியாக்கம் ஆனவை. கம்பெனியே படிக்க முடியாது. அதனால் மின்னஞ்சலில் இருப்பதுபோல உள்ளடக்கத்தைப் பார்த்துக் குப்பையைத் தனியே ஒதுக்கும் வேலையை அது குரூப்புக்குள் செய்யாது. ஆள்தான் செய்ய வேண்டும். ஆள் செய்வதென்றால் வாசலில் நின்று செய்வதுதான் புத்திசாலித்தனம்.

குரூப் செட்டிங்கில் இரண்டு ஸ்விட்ச். உறுப்பினர் யாரும் பிறரைச் சேர்க்கக் கூடாது, அட்மின் மட்டும் சேர்க்கலாம் என்பது ஒன்று. லிங்க்கில் வந்தாலும் அட்மின் ஒப்புதல் இல்லாமல் நுழைய முடியாது என்பது மற்றொன்று. இது 2023-இல் வந்தது. இரண்டையும் போட்டுவிடுங்கள். ஒப்புதல் கேட்டு வருபவரிடம் பெரிய விண்ணப்பம் எல்லாம் வேண்டாம். பெயர், ஊர், எந்த ஷெட்டில் இலை போடுகிறீர்கள், குரூப்பில் உங்களைத் தெரிந்தவர் யார் என்று நாலே கேள்வி. கடைசிக் கேள்விதான் முக்கியம். சொன்ன ஆளுக்கு ஒரு போன் போட்டு "இவரைத் தெரியுமாங்க?" என்று கேட்டால் முடிந்தது. ஊரில் பெண் கேட்டு வந்தால் விசாரிக்கிறோம், வீடு வாடகைக்குக் கேட்டு வந்தால் விசாரிக்கிறோம். இதற்கு மட்டும் ஏன் கூச்சம்?

பழைய லிங்க் எங்கெல்லாம் கிடக்கிறது என்றும் தேடுங்கள். பொது இடத்தில் போட்ட வாட்ஸ்அப் அழைப்பு லிங்க்குகள் கூகுள் தேடலிலேயே வருகின்றன என்று 2020 பிப்ரவரியில் பெரிய செய்தியானது. அப்படிக் கிடைக்கும் லிங்க்குகளைத் திரட்டிப் பட்டியல் போடும் தளங்களும் உண்டு. உங்கள் ஊர்ப் பையன் 2021-இல் ஃபேஸ்புக்கில் நல்ல எண்ணத்தோடு போட்ட லிங்க் இன்னும் உயிரோடு இருக்கலாம். லிங்க்கை ரீசெட் செய்தால் பழையது செத்துவிடும். ஸ்பேம் போட்டவனை வெளியேற்றிவிட்டு லிங்க்கை அப்படியே விட்டால் வேறு நம்பரில் வருவான். வெளியேற்றும் போதெல்லாம் கையோடு ரீசெட் செய்யுங்கள்.

உள்ளே இருப்பவர்கள் அனுப்பும் ஃபார்வர்டுகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று, கண்ணால் பார்த்தாலே தெரிவது. இரட்டை அம்பு உள்ள செய்தி எந்தக் குரூப்பிலும் வரக்கூடாது. ஒரு செய்தி கைமாறிக் கைமாறி ஐந்து தடவையோ அதற்கு மேலோ போயிருந்தால் வாட்ஸ்அப் அதன்மேல் இரட்டை அம்பு போட்டுக் காட்டும். இது பொய்யா மெய்யா, நல்லதா கெட்டதா என்று வாதமே இல்லை. இரட்டை அம்பா, நீக்கம். சாமி படமும் நீக்கம், மருத்துவக் குறிப்பும் நீக்கம், தலைவர் வாழ்த்தும் நீக்கம். எல்லாருக்கும் ஒரே விதி என்பதால் சண்டை வருவதில்லை. ஆரம்பத்தில் வந்தது, இப்போது இல்லை.

இந்த அம்பு வந்த கதையில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று நாடு முழுக்க வாட்ஸ்அப் வதந்தி பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைத் தாக்கி ஒரு மூதாட்டியைக் கொன்றார்கள். பல மாநிலங்களில் இப்படி உயிர் போனபிறகு, ஜூலையில் இந்தியாவில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. 2020 ஏப்ரலில் இரட்டை அம்புச் செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்றாக்கினார்கள். ஃபார்வர்டை நீக்கும்போது யாராவது முகம் சுளித்தால் நான் போளூரைச் சொல்வேன். அதற்கப்புறம் பேச மாட்டார்கள்.

மலையில் நமக்கே உரிய வதந்தி மண்சரிவு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மண்ணில் புதைந்து இறந்தார்கள். அந்தப் படங்கள் வருடா வருடம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் "இப்போது வந்த செய்தி" என்று கிளம்பிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியபோது உண்மையான படமும் பழைய படமும் கலந்து வந்ததில் எது எந்த ரோடு என்று யாருக்கும் புரியவில்லை. என் தங்கை மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பர்லியார் வழி போகலாமா, குஞ்சப்பனை வழி போகலாமா என்று கேட்கிறாள். எங்கள் குரூப்பில் ஒரே நேரத்தில் இரண்டும் மூடியிருந்தது, இரண்டும் திறந்தும் இருந்தது.

அதற்கப்புறம்தான் ரோடு குரூப்புக்கென்று ஒரு வடிவம் வைத்தோம். இடம், நேரம், நானே பார்த்தேனா கேள்விப்பட்டேனா, இந்த மூன்றும் இல்லாத பதிவு நிற்காது. "குன்னூர் ரோடு பிளாக்" என்பது செய்தி இல்லை. "காட்டேரிக்குக் கீழே, காலை 7.20, நான் பஸ்ஸில் இருக்கிறேன், மரம் விழுந்து ஒரு பக்கம் மட்டும் போகிறது" என்பதுதான் செய்தி. ரோடு திறந்ததும் அதே ஆள் "திறந்தாச்சு" என்று போட வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள், அட்மின் கேட்டு வாங்க வேண்டும். மரம், மண் விழுந்தால் முதலில் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077-க்குச் சொல்லிவிட்டு அப்புறம் குரூப்புக்கு வாருங்கள் என்று மேலேயே பின் செய்து வைத்திருக்கிறோம். கனமழையில் கரண்ட் போய் டவரும் போய்விடும் நாட்களுக்கு ஒவ்வொரு ஊர் அட்மினும் பத்துப் பேரின் நம்பரைத் தாளில் எழுதி வைத்திருக்கிறார். டேட்டா இல்லாவிட்டாலும் சில நேரம் போன் கிடைக்கும்.

பள்ளி விடுமுறைச் செய்தியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கலெக்டர் அறிவித்ததாகப் போன வருடத் தாளில் தேதியை மட்டும் மாற்றி எங்கள் குரூப்பில் போட்டவன் எட்டாம் வகுப்புப் பையன், அப்பா போனிலிருந்து. வேலைப்பாடு சுத்தமாக இருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி நிஜமாகவே பணம் போகும் இடம். கடந்த சில வருடங்களாக வருவது ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. பிஎம் கிசான் பெயரில் வரும், வங்கி ரிவார்டு பாயின்ட் என்று வரும், போக்குவரத்து அபராதம் என்று வரும், கல்யாணப் பத்திரிகை என்றுகூட வரும். தட்டி நிறுவிக்கொண்டால் போனுக்கு வரும் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். பல நேரம் வாட்ஸ்அப்பையும் பிடித்துக்கொண்டு, அந்த ஆளின் பெயரிலேயே அவர் இருக்கும் எல்லாக் குரூப்புக்கும் அதே கோப்பை அனுப்பும். இங்கேதான் ஆள் தெரிந்த குரூப்புக்கும் ஒரு ஓட்டை. அனுப்புகிறவர் அந்நியன் இல்லை, நம் ராமண்ணனோ பெள்ளியோ. நம்பித் தட்டிவிடுவோம்.

எங்களில் ஒருவருக்கு இப்படி நடந்தபோது குரூப்பில் ஆளாளுக்கு அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். பாவம், அவருக்கு எதுவுமே தெரியாது, காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். இப்போது வரிசை வைத்திருக்கிறோம். பார்த்த முதல் அட்மின் அந்தக் கோப்பை எல்லாருக்கும் நீக்க வேண்டும். அட்மினுக்கு யார் போட்டதையும் நீக்கும் அதிகாரம் இருக்கிறது, இருப்பதே பல அட்மின்களுக்குத் தெரியாது. அடுத்து அந்த நம்பரைத் தற்காலிகமாக வெளியேற்ற வேண்டும். பிறகு அவருக்கு வாட்ஸ்அப்பில் இல்லாமல் சாதாரணமாகப் போன் போட்டு, அல்லது வீட்டுக்கே ஆள் அனுப்பி, நெட்டை அணைக்கச் சொல்ல வேண்டும். அந்த ஆப்பை நீக்கி, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களில் தெரியாதது இருந்தால் வெளியேற்றி, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பணம் நாலு கணக்கு மாறியிருக்கும். சீக்கிரம் சொன்னால் நடுவில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கடைசியாகக் குரூப்பில் ஒரு வரி: "இன்னாருடைய போனில் கோளாறு, அவர் மேல் தப்பில்லை, அந்தக் கோப்பைத் தட்டியவர்கள் அட்மினை அழைக்கவும்." இந்த வரியைப் போடாவிட்டால் தட்டியவர்கள் வெட்கப்பட்டு வாயே திறக்க மாட்டார்கள்.

இதோடு ஒரு கட்டாய விதி: ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா இவற்றின் படம் எந்தக் குரூப்பிலும் வரக்கூடாது. "இந்தத் திட்டத்துக்கு என் பெயர் வந்திருக்கா பாருங்க" என்று ஆதாரையே படம் பிடித்துப் போடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். உடனே நீக்கிவிட்டு, தனியாக அழைத்து உதவுங்கள்.

காட்டேஜ் விளம்பரத்தை ஸ்பேம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். இலை விலை விழுந்த வருடங்களில் ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் நம் உறுப்பினர்கள்தான். ஜீப் வைத்திருப்பவர், தேன் விற்பவர், பழைய ஸ்பிரேயரை விற்க நினைப்பவர், எல்லாருக்கும் ஓர் இடம் வேண்டும். இடம் கொடுக்காவிட்டால் நடு வீட்டில்தான் கடை போடுவார்கள். சந்தை குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதிவு, ஒருவருக்கு ஒன்று, விலையும் ஊரும் எழுத வேண்டும். மற்ற ஆறு நாளும் பூட்டு. ஊர் பெயர் எழுதாமல் "நீலகிரியில் குறைந்த விலையில் நிலம்" என்று வருபவர் நம் ஆள் இல்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வருவதற்கு இன்னும் எனக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஜூன், ஜூலையில் கொப்புள நோய், பிப்ரவரி, மார்ச்சில் சிலந்திப்பேன், டிசம்பரில் உறைபனி, நடுவில் கவாத்து எப்போது வெட்டுவது. வருடா வருடம் அதே கேள்வி, அதே பதில். வாட்ஸ்அப்பில் பழைய பேச்சு கிணற்றில் போட்ட கல். நாங்கள் டெலிகிராமில் ஒரு குரூப் வைத்து, நல்ல பதில்களை மட்டும் ஒரு தம்பி அங்கே எடுத்துப் போடுகிறான். டெலிகிராமில் ஒரே குரூப்புக்குள் தலைப்பு தலைப்பாகப் பிரிக்கலாம், நேற்று சேர்ந்தவரும் முதல் நாளிலிருந்து படிக்கலாம், ஒருவர் அடுத்தடுத்துப் பதிவு போடாமல் இடைவெளி வைக்கலாம், லிங்க் போட்டால் தானாக அழிக்கும் 'பாட்' (bot) என்ற நிரலையும் உட்கார வைக்கலாம். ஆனால் அறுபது வயதுக்காரர்கள் அங்கே வரமாட்டார்கள். அதை அரங்கமாக நினைக்காதீர்கள், பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் பரணிலிருந்து எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

குரல் பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பெரியவர்கள் படுக மொழியில் மூன்று நிமிடம் பேசி அனுப்புவார்கள். அதில் அனுபவம் கொட்டிக் கிடக்கும். ஆனால் தேடினால் கிடைக்காது, மொழி தெரியாதவருக்குப் புரியாது. தடுக்காதீர்கள். கேட்ட இளையவர் யாராவது கீழே ஒரு வரியில் "கவாத்துக்கு அப்புறம் எத்தனை நாள் கழித்து உரம் என்று சொல்கிறார்" என்று எழுதிவிட்டால் தேடலுக்கு அது போதும்.

இப்போது யாரைத் தூக்குவது. வெளியாள், மோசடி லிங்க், ஆபாசம், பெண்களுக்குத் தொல்லை என்றால் பேச்சே இல்லை. வெளியேற்றுமுன் அந்தச் செய்தியை வாட்ஸ்அப்புக்கு ரிப்போர்ட் செய்யுங்கள். அந்த நம்பரிலிருந்து வந்த கடைசிச் சில செய்திகள் அவர்களுக்குப் போகும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியிலும் மோசடி நம்பரைத் தெரிவிக்கலாம். நம் ஊர் ஆள் என்றால் கதை வேறு. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். குரூப்பில் இருந்து நீக்கினால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார வேண்டிவரும். அதனால் குரூப்பில் எச்சரிக்கவே மாட்டோம். பதிவை நீக்குவோம், அதே நாள் சாயங்காலம் அட்மின் போன் போட்டு "அண்ணா, இது விதிக்கு ஒத்துவரலை, எடுத்துட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்பார். இரண்டாம் தடவையும் போன். மூன்றாம் தடவை ஒரு மாதம் வெளியே, பிறகு தானாகத் திரும்பச் சேர்த்துவிடுவோம். தேதியை ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேண்டியவர் வேண்டாதவர் என்று பேச்சு வரும். என் சொந்த மைத்துனன் பெயர் அந்த நோட்டில் இரண்டு தடவை இருக்கிறது.

யாரோ போட்ட பதிவுக்கு அட்மினைப் போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் சிலர் பொறுப்பே வேண்டாம் என்பார்கள். கரூர் வழக்கறிஞர் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில், அட்மினாக மட்டும் இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்றால் அவரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் இதே மாதிரி சொல்லியிருக்கின்றன. கூட்டுச் சேர்ந்து செய்தால்தான் வம்பு. ஆனாலும் புகார் வந்த பதிவை உடனே நீக்கிவிடுவது நமக்கு நல்லது.

வேலையை எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டால், கொழுந்து குறைவாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் ஆரம்பியுங்கள், அப்போதுதான் நாலு பேர் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. உங்கள் குரூப் லிங்க்கின் கியூஆர் தாள் பேக்டரி கேட்டிலோ உரக்கடைக் கண்ணாடியிலோ எங்கேயாவது ஒட்டியிருக்கும். இன்றைக்கு ராத்திரி லிங்க்கை ரீசெட் செய்துவிட்டு, நாளைக்கு இலை போடப் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வாருங்கள்.